ஒரு பேரிங் வராமல் நின்ற டிராக்டர்

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகும் ரஷ்யாவில் ஆலைகள் இருந்தன, இயந்திரங்கள் இருந்தன, வேலை தெரிந்தவர்களும் இருந்தார்கள். அப்புறம் ஏன் உற்பத்தி அவ்வளவு சரிந்தது?"

விலைவாசிக் கதை பலருக்கும் தெரியும். 1992 ஜனவரி 2 அன்று பெரும்பாலான பொருட்களின் விலைக் கட்டுப்பாடு நீங்கியது. வாங்கப் பொருளில்லாமல் தேங்கிக் கிடந்த பணம் சந்தைக்குள் பாய்ந்தது. புதுப் பணமும் அச்சாகிக்கொண்டே இருந்தது. ஒரே ஆண்டில் விலைகள் சுமார் 25 மடங்கு ஏறின. மக்களின் சேமிப்பு கரைந்தது. ஆனால் ஆலைகள் முடங்கியதற்கு இது மட்டும் காரணமில்லை.

ஒலிவியே பிளான்சார், மைக்கேல் கிரேமர் என்ற இரு பொருளியலாளர்கள் 1997இல் தந்த விளக்கம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு டிராக்டர் ஆலையை எடுத்துக்கொள்வோம். அதற்கு எஃகு, டயர், பேரிங் எனப் பல பொருட்கள் வேண்டும். சோவியத் காலத்தில் எதை எவ்வளவு செய்வது என்று அரசின் திட்டக் குழுவான கோஸ்பிளான் சொல்லும்; யார் யாருக்கு அனுப்புவது என்று அரசின் வழங்கல் குழுவான கோஸ்னாப் சொல்லும். பல உதிரிபாகங்களை ஒன்றிரண்டு ஆலைகளே செய்தன. பேரிங் ஆலைக்கு மறுக்க வழியில்லை.

திடீரென்று அந்த உத்தரவு இல்லாமல் போகிறது. இப்போது பேரிங் ஆலை தன்னிடமுள்ள எஃகை வேறொருவருக்கு விற்கலாம். அதற்கு என்ன விலை கிடைக்கும் என்பது அதற்கு மட்டுமே தெரியும். டிராக்டர் ஆலை குத்துமதிப்பாக ஒரு விலை சொல்கிறது. பொருள் தரும் ஒவ்வொருவரும் இப்படிச் சொன்ன விலைக்குச் சம்மதிக்க 90 சதவீத வாய்ப்பு என்று வையுங்கள். நல்ல வாய்ப்புதானே? பத்துப் பேரும் ஒருசேரச் சம்மதிக்கும் வாய்ப்பு 35 சதவீதம்தான். முப்பது பேர் என்றால் வெறும் 4 சதவீதம்! ஒருவர் விலகினாலும் டிராக்டர் இல்லை. விலகியவருக்குக் கிடைத்தது சின்ன லாபம், மற்ற எல்லோருக்கும் சேர்ந்து வந்தது பெரிய நஷ்டம். இத்தனைக்கும் இதில் யாருமே முட்டாள்தனமாக முடிவெடுக்கவில்லை. எத்தனை முறை இந்தக் கணக்கைப் போட்டாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

புள்ளிவிவரமும் ஒத்துவந்தது: அதிக வகை இடுபொருட்கள் தேவைப்பட்ட பொருட்களின் உற்பத்திதான் கூடுதலாகச் சரிந்தது.

பழகிய சந்தையில் இப்படி ஆவதில்லையே என்றால், அங்கே மாற்று விற்பனையாளர் இருப்பார், நீண்டகால ஒப்பந்தம் இருக்கும், அதை மீறினால் நீதிமன்றம் இருக்கும். இவை வளரப் பல ஆண்டுகள் பிடிக்கும். "அரசு விலகினால் போதும், சந்தை தானே முளைக்கும்" என்று அன்று பலர் நம்பினார்கள். பரிகாரம் செய்தால் நோய் தீரும் என்பதைப் போன்ற மூடநம்பிக்கைதான் அது என்பேன். அதற்கு ஆய்வகங்களும் பலியாயின. 1993 வாக்கில், உலகத்தரமான ரஷ்ய விஞ்ஞானிகளுக்கு அமெரிக்கக் கோடீஸ்வரர் ஜார்ஜ் சோரோஸின் அறக்கட்டளை தந்த 500 டாலர் அவசர உதவியே பெரிய தொகையாக இருந்தது. அதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

சீனா வேறு வழியில் போனது. 1980களில் அங்கே ஆலைகள் அரசுத் திட்டம் கேட்ட அளவை, அரசு நிர்ணயித்த திட்ட விலைக்கே கொடுக்க வேண்டும். அதற்கு மேல் செய்வதைச் சந்தை விலைக்கு விற்கலாம். பழைய சங்கிலி அறாமலே அதன் பக்கத்தில் புதியது வளர்ந்தது. திட்ட விலைக்கு வாங்கிச் சந்தையில் விற்றுக் கொழுத்த அதிகாரிகளும் கூடவே வளர்ந்தார்கள். அவர்கள் மீதான கோபமும் 1989 தியானன்மென் போராட்டங்களில் வெடித்தது. ஆனாலும் டிராக்டருக்குப் பேரிங் வந்துகொண்டிருந்தது.