ராஜ அலையும் இல்லை, ராட்சத அலையும் இல்லை: ஓதம்

‘துவாலுவைத் தாக்கிய ராட்சத அலை’ என்று இன்னொரு மொழிபெயர்ப்பு கண்ணில் பட்டது. எத்தனையாவது முறை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். துவாலு பசிபிக் கடலில் ஒரு குட்டித் தீவு நாடு. மூலத்தில் இருப்பது ‘கிங் டைட்’ (king tide), நிலாவின் ஈர்ப்பால் கடல்மட்டம் ஏறுவது. அதில் அலையே கிடையாது.

ஆஸ்திரேலியாவிலும் பசிபிக் தீவுகளிலும் பேச்சுவழக்கில் கிளம்பிய சொல் அது, அறிவியல் சொல் அல்ல. அமாவாசை, பௌர்ணமியில் கடல் வழக்கத்தைவிட உயரும். அந்தச் சமயத்தில் நிலா பூமிக்கு மிக அருகிலும் வந்துவிட்டால் ஆண்டின் உச்ச மட்டம். அவ்வளவுதான் பொருள்.

சரி, அலைக்கு என்ன குறை? அலை சில நொடிகளில் வந்து போய்விடும், இது ஏறவே ஆறு மணி நேரம் பிடிக்கும். துவாலுவின் தலைநகரான ஃபுனாஃபுட்டியில் காற்றில்லாத, வெயிலடிக்கும் நாளிலும் தண்ணீர் தரைக்குள்ளிருந்து குமிழியிட்டு வருகிறது. பவளப்பாறைத் தரை சல்லடை மாதிரி. குழி தோண்டிப் பயிரிடும் புலாக்கா என்ற சேம்புக் கிழங்கின் வேருக்கும் உப்பு அப்படித்தான் போய்ச் சேர்கிறது. இதை ‘ராட்சத அலை’ என்று எழுதினால் படிப்பவருக்கு 2004 சுனாமிதானே நினைவுக்கு வரும்? ‘ராஜ அலை’ இன்னும் மோசம், சொல்லுக்குச் சொல் மாற்றிவிட்டுக் கடமை முடிந்தது என்று எழுந்துபோகிற வேலை. தனித்தமிழ் அன்பர்கள் ‘பேரலை’ என்கிறார்கள். வடசொல் போயிற்று, தப்பு அப்படியே இருக்கிறது.

தரவு அட்டவணைக்கு வந்தால் இது வெறும் சொல் சண்டை இல்லை. ஃபுனாஃபுட்டியில் 1993 முதல் இயங்கும் கடல்மட்டமானி, அலையின் ஆட்டம் கணக்கில் வராதபடி சராசரி எடுத்துத்தான் நீர்மட்டத்தைப் பதிகிறது. அலையைக் கழித்துவிட்டுத் தருகிற எண்ணுக்கு மேலே நாம் ‘அலை உயரம்’ என்று தலைப்பு போடுகிறோம்! முப்பது ஆண்டுகளில் அங்கே கடல்மட்டம் சுமார் 15 செ.மீ. ஏறியிருக்கிறது. நிலா செய்வது பழைய வேலைதான், கடல் ஏறத் தொடங்கும் மட்டம்தான் உயர்ந்துவிட்டது. அலை என்று எழுதினால் இந்த வேறுபாடு மொத்தமாகத் தொலைந்துபோகும்.

தமிழில் சொல் இல்லாமலா? ஓதம் இருக்கிறது. அகராதியில் அதற்கு அலை என்றும் ஒரு பொருள் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் கடல், வெள்ளம், ஈரம் எல்லாமும் அதற்குள் அடக்கம். மழைக்காலத்தில் ‘சுவரில் ஓதம் ஏறுது’ என்று வீட்டில் சொல்கிறோமே, அதே சொல். கீழிருந்து சத்தமில்லாமல் கசிந்து ஏறும் நீர். துவாலுவில் நடப்பதை இதைவிட நெருக்கமாக எந்தச் சொல் சொல்லும்? அமாவாசை, பௌர்ணமி இரண்டுக்கும் பொதுவாக ‘உவா’ என்ற பழஞ்சொல் இருக்கிறது. ஆக, மாதம் இருமுறை வருவது உவா ஓதம், ஆண்டின் உச்சம் பேரோதம். இலங்கைப் பாடநூல்களின் ‘வற்றுப்பெருக்கு’ம் நல்ல சொல்தான், ஆனால் இங்கே பேச்சு பெருக்கைப் பற்றி மட்டும்.

ஓதம் என்றால் விரைவீக்கம் அல்லவா என்று ஒருவர் சிரித்தார். அதுவும் நீர் கோத்துக்கொள்வதுதான், ஐயா. பள்ளிப் பிள்ளைகள் உயர் ஓதம், தாழ் ஓதம் என்று எழுதி மார்க் வாங்குகிறார்கள், அங்கே யாரும் சிரிப்பதில்லை.