முட்டி மட்டும் பழகினால் போதுமா?

என் பிசியோதெரபி அறையில் மரத்தால் செய்த மூன்று படிகள் வைத்திருக்கிறேன். 10, 20, 40 சென்டிமீட்டர் உயரம். முட்டி தேய்ந்து வருகிறவர்கள் முதல் இரண்டிலும் சில வாரங்களில் ஏறிவிடுவார்கள். மூன்றாவதுதான் பஸ் படி. ராமேஸ்வரம் அருகே மண்டபம் ஊர்ப் பக்கமிருந்து மீன் கூடையோடு பஸ் ஏறுகிற ஓர் அம்மா சொன்னார்: "வீட்டுப் படி ஏறிருவேன் சார், பஸ் படிதான் மலையா நிக்குது."

அவர் சொன்னது சரிதான். படி உயர உயர முட்டி அதிகம் மடங்க வேண்டும். மடங்கிய முட்டியால் உடலைத் தூக்கும்போது, முட்டிச் சில்லுக்குப் பின்னால் உடல் எடையைப் போலப் பல மடங்கு அழுத்தம் விழுகிறது. நம் கடற்கரைச் சாலைகளில் தார் முடிந்ததும் மணல். பயணி மணலில் நிற்கிறார், பஸ் தாரில் நிற்கிறது. படி இன்னும் உயர்ந்துவிடுகிறது.

இதற்கு விடை மாடி பஸ்ஸில் கிடைத்தது என்பது எனக்கு இன்றும் வியப்பு. இங்கிலாந்தில் தாழ்வான பாலங்களுக்கு அடியில் போவதற்காக, முன்பெல்லாம் மேல்தளத்து நடைபாதையை ஓர் ஓரமாகப் பள்ளமாக்கினார்கள். கீழே உட்கார்ந்தவர் எழுந்தால் தலை இடிக்கும். 1949-இல் வந்த பிரிஸ்டல் லோடெக்கா என்ற மாடி பஸ்ஸின் முன்மாதிரியில், இன்ஜின் விசையைப் பின் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் ப்ரொபெல்லர் ஷாஃப்ட் என்ற தண்டை ஓரமாக ஒதுக்கி, பின் அச்சின் நடுப்பகுதியைத் தாழ்த்தி, கீழ்த்தளத்தையே இறக்கினார்கள். பஸ்ஸின் வாசலில் உள்ள ஏறும் மேடையிலிருந்து உள்ளே போக வேறு படி தேவைப்படவில்லை. பாலத்துக்காகச் செய்தது, முட்டிக்கும் உதவியது. 1990-களின் இறுதியில் வாசலிலும் படியில்லாத மாடி பஸ்கள் வந்தன. நிறுத்தத்தில், ஸ்பிரிங் போல பஸ்ஸைத் தாங்கும் காற்றுப்பைகளிலிருந்து காற்றை வெளியே விட்டு வாசல் பக்கம் சாய்ந்து கொடுக்கும். சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் உண்டு. பிரிட்டனில் 2017 முதல் உள்ளூர்த் தடத்தில் ஓடும் மாடி பஸ்ஸுக்கு இந்த வசதி கட்டாயம்.

சென்னையில் 2024-இல் புதிய தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 41-வது பிரிவும் போக்குவரத்தை எல்லோரும் அணுகும்படி அமைக்கச் சொல்கிறது. இந்த உரிமை ராமேஸ்வரத்துக்கும் ஏர்வாடிக்கும் வரும் முதியவர்களுக்கும் உண்டு. பாம்பன் காற்றில் இங்கே மாடி பஸ் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அதன் கீழ்த்தளம் போதும். கூடவே நிறுத்தங்களில் மேடை கட்ட வேண்டும். மேடை இல்லையென்றால் தாழ்தளப் பேருந்தும் பாதிப் பயன்தான்.

அதுவரை: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். இரண்டு கையாலும் கம்பியைப் பிடியுங்கள். அப்புறம், கையிலோ தலையிலோ சுமையோடு ஏறவே ஏறாதீர்கள். கண்டக்டரிடம் முதலில் கொடுத்துவிடுங்கள். கேட்கக் கூச்சம் வேண்டாம். மண்டபத்து அம்மா இப்போது கூடையை அப்படித்தான் ஏற்றுகிறார்.