டாரிஃப்: தமிழில் என்ன சொல்லலாம்?

2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்கு மீது அமெரிக்கா போட்ட வரி 50 சதவீதத்தைத் தொட்டபோது, ‘டாரிஃப்’ என்ற சொல் திருப்பூர் டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது. அன்றிலிருந்து பலருக்கும் டாரிஃப் என்றால் இறக்குமதி வரி. அது பாதிப் பொருள்தான். சோமனூர், பல்லடம் விசைத்தறிக்காரர்களுக்கு இந்தச் சொல் அதற்கு முன்பே பழக்கம். தறிக்கூடத்து மின் இணைப்பு ‘3 ஏ 2 டாரிஃப்’, வீட்டு இணைப்பு ‘1 ஏ’. இணைப்பு எந்த வகை என்று முதலில் முடிவாகும், யூனிட்டுக்கு எவ்வளவு என்பது அதன் பின்னால் வரும். சுங்கத்திலும் இதே வரிசைதான்.

சொல்லின் வேர் அரபியில் இருக்கிறது. ‘தஅரீஃப்’ என்றால் தெரியப்படுத்துதல், அறிவித்தல். மத்தியதரைக் கடல் வணிகர்கள் வழியாக இத்தாலியில் ‘தரிஃபா’ ஆகி, பிரெஞ்சைத் தொட்டு ஆங்கிலத்துக்குப் போனது. எந்தப் பொருளுக்கு எவ்வளவு என்று ஊரறிய வெளியிட்ட பட்டியலையே அது குறித்தது. ஸ்பெயினின் தரிஃபா துறைமுகத்தில் கப்பல்களை மறித்துப் பணம் பறித்ததால் வந்த பெயர் என்றொரு கதையும் உலவுகிறது. சொல்லாய்வாளர்கள் அதை ஏற்பதில்லை.

தமிழில் இந்தத் துறைக்குச் சொல் பஞ்சம் இருந்ததே இல்லை. வள்ளுவர் வேந்தனின் வருவாயில் ‘உல்கு பொருளும்’ என்று சுங்கத்தைச் சேர்க்கிறார் (குறள் 756). மிளகுப் பொதி சுமந்த கழுதைச் சாத்து, அதாவது வணிகர் கூட்டம், போகும் ‘உல்குடைப் பெருவழி’யைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. பாலக்காட்டுக் கணவாயை நோக்கிப் போன இராசகேசரிப் பெருவழியின் கல்வெட்டு கோவைக்குப் பக்கத்தில் சுண்டக்காமுத்தூரில் நிற்பதால், கொங்கு வாசகருக்கு அந்த அடி இன்னும் நெருக்கமாகப் படும். ‘சுங்கம்’ வடமொழி ‘சுல்கம்’ பிராகிருதம் வழியாகத் திரிந்து வந்தது. முதலாம் குலோத்துங்கன் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ ஆனான். கோவை திருச்சி சாலையில் சுங்கம் இன்றும் பேருந்து நிறுத்தத்தின் பெயர்.

ஆனால் உல்கும் சுங்கமும் வாங்கும் பணத்தைத்தான் குறிக்கின்றன, பட்டியலை அல்ல. அதற்கு நெருங்கி வருவது ‘தீர்வை’. தீர் என்ற வினைக்கு முடிவு செய்தல் என்ற பொருளும் உண்டு. நிலவரி கட்டுகிற எந்த விவசாயிக்கும் தீர்வை ரசீது தெரியும். கிராமக் கணக்கில் ‘தீர்வை ஏற்பட்ட தரிசு’, ‘தீர்வை ஏற்படாத தரிசு’ என்று எழுதுவதும் தெரியும். நிலத்தின் வகையைப் பார்த்து முடிவு செய்த தொகை என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே டாரிஃபுக்குத் ‘தீர்வை அட்டவணை’ என்பதே பொருத்தம். வெறும் ‘வரி’ என்று எழுதினால் வகைப்பாடு என்ற முதல் வேலை காணாமல் போகிறது. காசு போவதோ பெரும்பாலும் அங்கேதான்.

சின்ன பெட்ரோல் கார் ஒன்றை இறக்குமதி செய்வதை வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். 1988 முதல் நடப்பில் உள்ள உலகப் பொதுக் குறியீட்டில், அதாவது எச்.எஸ். முறையில், முதல் 6 இலக்கம் எல்லா நாட்டுக்கும் ஒன்று. இந்தியா அதை 8 இலக்கமாக நீட்டுகிறது. திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்பவருக்கு 6109 எப்படியோ, கார்காரருக்கு 8703 அப்படி. 87 அத்தியாயம், 8703 தலைப்பு: முதன்மையாக ஆட்களை ஏற்றிச் செல்ல வடிவமைத்த வண்டிகள். பெட்ரோல் இன்ஜின் மட்டும் உள்ள வண்டியில் 1,000 சி.சி. வரை 8703 21, அதைத் தாண்டி 1,500 வரை 8703 22, 3,000 வரை 8703 23, அதற்கு மேல் 8703 24. சக்கரத்தைச் சுழற்ற மின்மோட்டாரும் சேர்ந்தால் வண்டி 8703 40க்குப் போகும். வெளியிலிருந்து சார்ஜ் ஏற்றும் வகையானால் 8703 60.

சிக்கல் எங்கே என்றால், ஜி.எஸ்.டி. வேறு கோட்டில் வெட்டுகிறது. 2025 செப்டம்பர் 22 முதல், 1,200 சி.சி.க்கும் 4,000 மில்லிமீட்டர் நீளத்துக்கும் மேற்போகாத பெட்ரோல் காருக்கு 18 சதவீதம். இரண்டில் ஒன்று தாண்டினாலும் 40. ஆக 1,197 சி.சி. காரும் 1,498 சி.சி. காரும் சுங்கத்தில் ஒரே 8703 22, ஜி.எஸ்.டி.யில் வேறு வேறு. விளம்பரத் தாளில் ‘1.2 லிட்டர்’ என்று இருப்பதை நம்பக் கூடாது. 1,199ஐயும் அப்படித்தான் எழுதுவார்கள், 1,242ஐயும் அப்படித்தான் எழுதுவார்கள். தயாரிப்பாளரின் தொழில்நுட்பச் சான்றில் உள்ள சி.சி.யையும் மில்லிமீட்டரையுமே எடுக்க வேண்டும்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சி.ஐ.எஃப்., அதாவது சரக்கு விலையோடு காப்பீடும் கப்பல் கூலியும் சேர்ந்த மதிப்பு, 10,00,000 ரூபாய். 40,000 டாலருக்கு உட்பட்ட, முழுதாகக் கட்டிய புதுக் காருக்கு அடிப்படைச் சுங்கத் தீர்வை 70 சதவீதம் என்று வைத்தால் 7,00,000. ஐ.ஜி.எஸ்.டி., அதாவது இறக்குமதிக்கான ஜி.எஸ்.டி., இரண்டும் சேர்ந்த 17,00,000 மேல் விழும், வெறும் 10 லட்சத்தின் மேல் அல்ல. 18 சதவீதத்தில் 3,06,000, மொத்தம் 20,06,000. 40 சதவீதத்தில் 6,80,000, மொத்தம் 23,80,000. பம்பர் சில மில்லிமீட்டர் நீண்டுவிட்டால் கூடுதலாகப் போவது 3,74,000. அடிப்படை விகிதம் 2023 பட்ஜெட்டில்தான் 60இலிருந்து 70 ஆனது. பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறக்கூடியது என்பதால், பில் ஆஃப் என்ட்ரி, அதாவது சுங்கத்தில் கொடுக்கும் இறக்குமதிப் படிவம், போடும் நாளில் அமலில் உள்ள அறிவிக்கையைப் பார்த்தே கணக்கிட வேண்டும். சமூக நலக் கூடுதல் தீர்வை உண்டா, விலக்கா என்பதும் அந்த அறிவிக்கையில்தான் இருக்கும்.

மதிப்பிலும் தவறு நடக்கும். காப்பீட்டுத் தொகை தெரியாவிட்டால் எஃப்.ஓ.பி. விலையில், அதாவது கப்பலில் ஏற்றும் வரைக்குமான சரக்கு விலையில், 1.125 சதவீதமும், கப்பல் கூலி தெரியாவிட்டால் 20 சதவீதமும் சுங்கமே சேர்த்துக்கொள்ளும். உண்மைக் கூலி அதைவிடக் குறைவாக இருந்தும் ரசீதை இணைக்காமல் விட்டால், இல்லாத செலவுக்கும் தீர்வை கட்ட நேரிடும். டாலர் மாற்று விகிதமும் வங்கி கொடுப்பதல்ல, சுங்கம் அறிவிப்பது.

தலைப்பை இறக்குமதியாளரே குறித்துத் தீர்வையைக் கணக்கிடும் முறை 2011 முதல் நடக்கிறது. கிளியரிங் ஏஜென்ட் நிரப்பினாலும் பொறுப்பு இறக்குமதியாளருடையது. குறைத்துக் கட்டியது தெரிந்தால் 2 ஆண்டுக்குள் நோட்டீஸ் வரும், மறைத்ததாகக் கருதினால் 5 ஆண்டு வரை. வட்டி 15 சதவீதம், அபராதம் தனி.

குறியீடு சரியாக இருந்தும் வண்டி நிற்பது உண்டு. ஸ்டீயரிங் வலப்பக்கம், ஸ்பீடோமீட்டர் கிலோமீட்டரில், முகப்பு விளக்கு இடப்பக்கப் போக்குவரத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். கார் இறங்குவதற்கென்று குறித்த துறைமுகம் வேண்டும். இருகூர் கன்டெய்னர் டிப்போவில் பஞ்சும் இயந்திரமும் இறக்கிப் பழகியவர்களும் காருக்குச் சென்னை, எண்ணூர், கொச்சி என்றுதான் போக வேண்டும். பழைய காரானால் மும்பைத் துறைமுகம் மட்டும்தான், வயதும் 3 ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது.

தமிழில் எழுதும்போது அத்தியாயம், தலைப்பு, துணைத் தலைப்பு, வகைப்பாடு, தீர்வை அட்டவணை, தீர்வை விகிதம் என்று தனித்தனியாகவே எழுதலாம். ‘இந்தக் காருக்கு டாரிஃப் எவ்வளவு?’ என்று ஒருவர் கேட்டால் அவர் கேட்பது விகிதம். ‘டாரிஃப் எது?’ என்று கேட்டால் துணைத் தலைப்பு. 8703 22 என்பது இரண்டாவது கேள்விக்கு விடை, 70 சதவீதம் முதல் கேள்விக்கு.