ஷோல்டர் சீசன்: தீவுக்குப் போகிறவருக்கு எந்தத் தோள்?

பெங்களூரில் அந்தமானுக்கோ மாலத்தீவுக்கோ பேக்கேஜ் விசாரித்தால், விலை மூன்று கட்டங்களாக வரும்: பீக், ஷோல்டர், ஆஃப். அல்சூரில் தமிழ் பேசும் ஏஜென்ட்கூட "ஷோல்டர்ல போங்க சார், ரேட் கம்மி" என்றுதான் சொல்வார். பீக் புரிகிறது, ஆஃப் புரிகிறது. நடுவில் தோள் எப்படி வந்தது?

கிராஃப் தாளிலிருந்து வந்தது. பன்னிரண்டு மாதங்களைக் கீழ்க்கோட்டிலும் வருகிறவர்களின் எண்ணிக்கையை நிமிர்ந்த கோட்டிலும் வைத்து வரைந்தால், கூட்டம் அதிகமான மாதங்கள் தலைபோல எழும்பி நிற்கும். அதற்கு இரு பக்கமும் கோடு சரிந்து இறங்கும் இடம் தோள். மலையின் தோள், பாட்டிலின் தோள் என்று ஆங்கிலத்தில் சொல்லும் அதே வழக்கம்தான். ஆஸ்திரேலியாவில் மின்கட்டணத்திலும் பீக், ஷோல்டர், ஆஃப் பீக் என்ற பிரிவு உண்டு. மின்கட்டணத்தில் மழையும் இல்லை, கடற்கரையும் இல்லை. ஆகவே இது வானிலையைச் சொல்லும் சொல் அல்ல, விலையைச் சொல்லும் சொல். ஷோல்டர் என்றால் இதமான வானிலை என்று நினைத்துக்கொண்டு டிக்கெட் போடுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

இதற்கு நேர்மாறாக, 'சீசன்' பிறந்தது வயலில். விதைப்பு என்ற பொருள் தரும் இலத்தீன் சொல், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து விதைக்கும் காலமாகி, பிறகு எந்தக் காலத்துக்கும் பொதுவானது. தமிழில் அது முழுக்க நம் சொல்லாகிவிட்டது. குற்றாலத்தில் சீசன், மாம்பழ சீசன், ரயிலில் சீசன் டிக்கெட். பருவகாலத்தைக் குறிக்கும் 'மவ்சிம்' என்ற அரபுச் சொல் போர்த்துகீசியர் வாயில் புகுந்து மான்சூன் ஆனது. இந்திக்காரர் வானிலைக்குச் சொல்லும் 'மௌசம்' அதன் உடன்பிறப்பு. நாம் மான்சூனைப் பருவமழை என்கிறோம். அரபியும் தமிழும் ஒரே இடத்தைத் தொட்டிருக்கின்றன.

இனி தமிழ்ச் சொல். சொல்லுக்குச் சொல் மாற்றினால் 'தோள்பட்டைப் பருவம்' என்று வரும். கேட்டதும் எலும்பு டாக்டர்தான் நினைவுக்கு வருவார். தோள் கொடுப்பதும் தோள் தட்டுவதும் தமிழில் உண்டு, ஆனால் காலத்துக்குத் தோள் வைத்துப் பேசும் வழக்கம் இல்லை. 'சாரல் பருவம்' என்று சொல்ல ஆசையாக இருக்கும், ஏனென்றால் சாரல் என்பது மலைச்சரிவும்தான், காற்றில் தெறிக்கும் தூறலும்தான். கிராஃபின் சரிவுக்கும் மழையின் விளிம்புக்கும் ஒரே சொல்! ஆனால் மார்ச் மாத அந்தமானில் தூறல் எங்கே? வறண்ட தோளுக்கு அது பொய்யாகிவிடும்.

பலரும் எழுதுவது 'இடைப்பருவம்'. இதற்கு ஆதாரம் உண்டு. இலங்கைத் தமிழில் மான்சூனைப் பருவப்பெயர்ச்சி என்பார்கள். இரண்டு பருவப்பெயர்ச்சிகளுக்கும் நடுவே வரும் மார்ச் - ஏப்ரலும் அக்டோபர் - நவம்பரும் இடைப்பருவப்பெயர்ச்சிக் காலங்கள். பொதுச்சொல்லாக இடைப்பருவத்தை வைத்துக்கொள்ளலாம். ஒரு சின்னச் சங்கடம்: தமிழ்நாட்டில் படித்தவர் காதில் 'இடைப்பருவம்' என்று விழுந்தால் தேர்வுதான் ஞாபகம் வரும்.

பெரிய சங்கடம் வேறு. ஐரோப்பாவில் கோடைக்கு முந்திய மே மாதமும் பிந்திய செப்டம்பரும் ஏறக்குறைய ஒரே மாதிரி இதமானவை. இரண்டையும் ஒரே தோள் என்று சொன்னால் நஷ்டமில்லை. வெப்பமண்டலத் தீவில் இரண்டு தோள்களும் வேறு வேறு ஆட்கள். மழை ஓய்ந்து பீக் தொடங்கும் முன் வருவது ஒன்று, பீக் முடிந்து மழை பிடிக்கும் முன் வருவது இன்னொன்று. பெரும்பொழுதைப் பிரிக்கும்போதே முன்பனி, பின்பனி என்றும் இளவேனில், முதுவேனில் என்றும் பிரித்த மொழி இது. முன்பருவம், பின்பருவம் என்று இரண்டு சொல் வைத்துக்கொள்வதே சரி. பீக்குக்கு முன், பீக்குக்குப் பின். 'தலைப்பருவம், கடைப்பருவம்' என்று தலைமடை, கடைமடை பாணியில் சொல்லிப் பார்க்கலாம். ஆனால் தலை என்றதும் பீக்கையே நினைப்பார்கள்.

அந்தமானில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் உறைக்கும். அங்கே ஆண்டு மழை சுமார் 3,000 மி.மீ.; பெங்களூரைப்போல மூன்று மடங்கு. மே மூன்றாம் வாரத்தை ஒட்டித் தென்மேற்குப் பருவமழை முதலில் அந்தக் கடலில்தான் கால் வைக்கிறது, அது போனதும் வடகிழக்கு வந்துவிடுகிறது. பீக் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. முன்பருவமான அக்டோபர், நவம்பரில் காடு பச்சைப் பசேலென்று இருக்கும், கடல் மட்டும் இன்னும் அடங்கியிருக்காது. மழைநீர் அடித்துவந்த மண் கரையோர நீரைக் கலக்கிவிடுவதால், ஸ்நார்க்கெலிங்கில் (குழாய் வழியாக மூச்சுவிட்டபடி நீர்மட்டத்தில் நீந்திக் கீழே பார்ப்பது) பவளப்பாறை மங்கலாகத்தான் தெரியும். நவம்பர் மத்தியில் மாலை 5 மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். இந்திய நேரத்தையே வைத்துக்கொண்டு அவ்வளவு கிழக்கே இருப்பதன் விளைவு. பெங்களூர்ப் பழக்கத்தில் மதியம் 3 மணிக்குச் சாப்பிட்டு எழுந்தால் அன்றைய நாள் முடிந்தது.

பின்பருவமான மார்ச்சிலும் ஏப்ரல் முற்பாதியிலும் கடல் தட்டையாக, நீர் தெளிவாக இருக்கும். அதற்கு விலையாக வெயிலைத் தாங்க வேண்டும். கடல்நீர் அதிகம் சூடாவதும் ஏப்ரல், மே மாதங்களில்தான். 2010-இல் அந்தமான் பவளங்கள் பெருமளவில் வெளுத்தது அந்தச் சூட்டில். டைவிங்குக்குப் போகிறவர் பின்பருவத்தையும், பச்சையையும் மேகத்தையும் படம் பிடிக்கப் போகிறவர் முன்பருவத்தையும் எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டுக்கும் பொதுவான ஆபத்து புயல். வங்கக் கடலில் புயல்கள் அதிகம் உருவாவது பருவமழைக்கு முந்திய ஏப்ரல், மே மாதங்களிலும் பிந்திய அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும். கிராஃபின் இரு தோள்மீதும் புயல் உட்கார்ந்திருக்கிறது. பீக்கும் தப்பியதல்ல: 2016 டிசம்பரில் ஹேவ்லாக்கில் சிக்கிய பயணிகளைக் கடற்படைக் கப்பல்கள் போய் மீட்டு வந்தன. (அந்தத் தீவுக்கு 2018 முதல் ஸ்வராஜ் த்வீப் என்று பெயர், போர்ட் பிளேர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம். டிக்கெட்டில் இரண்டு பெயரும் வரும், குழம்ப வேண்டாம்.)

கெடுவது பெரும்பாலும் கடைசி நாளில். ஹேவ்லாக்கிலிருந்து காலை ஃபெர்ரியில் திரும்பி மதியம் பெங்களூர் விமானம் என்று திட்டமிடுவார்கள். கடல் கொந்தளித்து ஃபெர்ரி ரத்தானால் விமானமும் போச்சு. ஆகவே ஹேவ்லாக்கை முதலில் முடித்துவிட்டு, விமானத்துக்கு முந்திய ஒரு முழு நாளாவது போர்ட் பிளேரில் இருங்கள். செல்லுலார் சிறையை அந்த நாளுக்கு ஒதுக்கலாம். ஓட்டல் முன்பதிவைத் திருப்பிப் பெறக்கூடிய கட்டணத்தில் செய்யுங்கள். கிளம்பும் முன் வானிலைத் துறையின் மீனவர் எச்சரிக்கையைப் பாருங்கள். துறைமுகத்தில் 3-ஆம் எண் கூண்டு ஏற்றியிருந்தால் பலத்த காற்று என்று பொருள், அன்றைய ஃபெர்ரியை நம்ப வேண்டாம்.

விலைச் சொல் என்பதால் பள்ளி விடுமுறையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அக்டோபர் வானிலைப்படி முன்பருவம்தான். ஆனால் பெங்களூரில் தசரா விடுமுறை, கொல்கத்தாவில் பூஜை விடுமுறை. வங்காளிகள் அந்தமானுக்குக் கூட்டமாகப் போகும் நாட்கள் அவை. நவம்பர் 1 ராஜ்யோத்சவம் வார இறுதியை ஒட்டி வந்தால் கர்நாடகத்திலிருந்து மட்டும் கட்டணம் எகிறும். ஏப்ரல் பாதியில் இங்கே கோடை விடுமுறை. இந்தக் கணக்கில் மிஞ்சுவது நவம்பர் இரண்டாம், மூன்றாம் வாரங்களும் பிள்ளைகளுக்குத் தேர்வு நடக்கும் மார்ச்சும்தான்.

மாலத்தீவில் பருவத்துக்கு உள்ளூர்ப் பெயர்களே உண்டு: வறண்ட வடகிழக்குக் காற்றுக்காலம் இருவை, மழைக்காலமான தென்மேற்கு ஹுளங்கு. நட்சத்திரத்தை வைத்து ஆண்டை 27 'நகை'களாக, ஒவ்வொன்றும் 13 அல்லது 14 நாளாக, இன்னும் நுணுக்கமாகப் பிரித்தவர்கள் அவர்கள். பா பவளத்தீவின் ஹனிஃபாரு விரிகுடாவில் மேண்டா திருக்கைகள் கூடுவது ஹுளங்குவில்தான், ஜூன் முதல் நவம்பர் வரை. அவற்றைப் பார்க்கப் போகிறவருக்கு இருவை மாதங்கள் பீக் விலை கொடுத்தும் பிரயோஜனமில்லை.

ஷோல்டர் என்ற ஒற்றைச் சொல் நம்மை முழுக்கக் கைவிடுவது இலங்கையில். காலி, மிரிஸ்ஸா உள்ள தென்மேற்குக் கரைக்கு நல்ல காலம் டிசம்பர் முதல் மார்ச் வரை. திருகோணமலை, அறுகம்பை உள்ள கிழக்குக் கரைக்கு மே முதல் செப்டம்பர் வரை. ஏப்ரல் மாதம் காலிக்குப் பின்பருவம், அதே ஏப்ரல் திருகோணமலைக்கு முன்பருவம். ஏஜென்ட் 'ஷோல்டர்' என்றால் எந்தக் கரைக்கு, முன்னா பின்னா என்று கேளுங்கள். ஏப்ரல் 13, 14 தேதிகளைத் தவிர்த்துவிடுங்கள்: சிங்களவரும் தமிழரும் சேர்ந்து கொண்டாடும் புத்தாண்டு, கடைகள் மூடியிருக்கும், ரயிலில் இடம் கிடைக்காது.