மட்டு என்றால் தூரம்

அரையாண்டுத் தேர்வின் 11ஆம் வகுப்புக் கணித விடைத்தாள்களைத் திருத்தி முடித்த கையோடு இதை எழுதுகிறேன். தெரியாத எண்ணைக் 'க' எனக் கொண்டால், |க − 3| = 5 என்பதே வினா. இரு செங்குத்துக் கோடுகளும் மட்டுக் குறி; உள்ளே இருப்பது பூச்சியத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பதே மட்டு. 8 என்ற ஒரே விடையோடு பலர் நின்றுவிட்டார்கள். மட்டுக்குள் இருந்த கழித்தலைக் கூட்டலாக்கி, க + 3 = 5, ஆகவே க = 2 என்று எழுதியவர்களும் இருந்தார்கள். ஆண்டுதோறும் காணும் பிழைதான்; இம்முறை பொறுக்க முடியவில்லை.

முழுக்களை அறிமுகப்படுத்தும் வகுப்பிலேயே, "மட்டு போட்டால் மைனஸ் போய்விடும்" என்று ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறோம். |−7| = 7 என்பதற்கு அந்த வரி போதும்; எண்ணின் இடத்தில் எழுத்து வந்ததும் அது மாணவரைக் கைவிட்டுவிடுகிறது. |−க| என்பதைக் க என்றே எழுதுகிறவர், அந்த எழுத்தின் மதிப்பு −4 ஆக இருந்தால் தம் விடையும் −4 ஆகிவிடுமே என்று பார்ப்பதில்லை. க குறை எண்ணாயின் |க| = −க என்று கரும்பலகையில் எழுதினாலோ, மட்டு எப்படிக் குறையாகும் என்று வகுப்பே கேட்கிறது. −க குறை எண்தான் என்று யார் சொன்னது? க என்பது −4 எனில் −க என்பது 4. முன்னால் நிற்கும் கழித்தல் குறி ஓர் எண்ணைப் பூச்சியத்தின் மறுபக்கத்துக்கு அனுப்புகிறது. அது இடப்புறம் விழுமா வலப்புறம் விழுமா என்பது புறப்பட்ட இடத்தைப் பொறுத்தது. √(க²) என்பதைக் க என்று சுருக்கி, பிற்பாடு தொகையீட்டில் (integration) மதிப்பெண் இழப்பவர்களும் இதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

1841இல் ஜெர்மன் கணிதவியலாளர் கார்ல் வையர்ஷ்ட்ராஸ் பயன்படுத்திய இந்த இரு செங்குத்துக் கோடுகள் எண்கோட்டில் கேட்பது தூரத்தை மட்டுமே. 3இலிருந்து 5 அலகு தள்ளியிருக்கும் புள்ளிகள் எவை? வலப்புறம் 8, இடப்புறம் −2. |க + 2| என்பது −2இலிருந்து உள்ள தூரம்; 2இலிருந்து அன்று. |க − 3| > 5 என்றால் −2க்கு இடப்புறமோ 8க்கு வலப்புறமோ இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே தொடராகக் கோத்து −5 > க − 3 > 5 என எழுதுவது, −5 ஐ 5ஐ விடப் பெரிதாக்கிவிடுகிறது. |க − 1| + |க − 6| = 5 என்னும் கணக்கைக் குறிகளைப் பிரித்துப் பிரித்து ஒரு பக்கம் முழுக்க எழுதுகிறார்கள். 1க்கும் 6க்கும் இடையிலுள்ள தூரமே 5 என்பதால், இவ்விரண்டும் இவற்றுக்கு நடுவிலுள்ள எல்லா எண்களும் தீர்வுகள் என்பது கோடு வரைந்தவுடன் தெரிந்துவிடும். சமன்பாட்டின் வலப்பக்கத்தில் 5க்குப் பதில் 3 இருந்தால் தீர்வே இல்லை.

மாணவர்களே, மட்டைக் கண்டதும் முதலில் எண்கோட்டை வரையுங்கள். எந்தப் புள்ளியிலிருந்து தூரம் என்பதைக் குறித்த பிறகே குறிகளைத் தொடுங்கள். கிடைத்த ஒவ்வொரு விடையையும் சமன்பாட்டில் திரும்பப் பிரதியிடுங்கள்; 2ஐப் பிரதியிட்டிருந்தால் |−1| = 5 என்ற அபத்தம் அங்கேயே தெரிந்திருக்கும். கீழ்வகுப்பு ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: "மைனஸ் போய்விடும்" என்ற அந்த ஒரு வரியைத் தயவுசெய்து சொல்லாதீர்கள். −7இல் ஒரு புள்ளி வைத்து, அங்கிருந்து பூச்சியம் வரை குழந்தையையே எண்ணச் சொல்லுங்கள்.