பாரடாக்ஸ்: தமிழில் எப்படிச் சொல்வது?

'பாரடாக்ஸ்' என்பதைத் தமிழில் எழுத வேண்டி வந்தால் பலருக்கும் கை தானாக 'முரண்பாடு' என்று எழுதிவிடுகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சாட்சி சொன்னதில் முரண்பாடு இருந்தால் வழக்கு பலவீனமாகிறது. வரவு செலவில் முரண்பாடு இருந்தால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது. முரண்பாடு என்றாலே இரண்டில் ஒன்று பொய் என்றுதான் தமிழ்க் காது எடுத்துக்கொள்ளும். பாரடாக்ஸ் அப்படிப்பட்டதல்ல. கேட்டவுடன் பொய்போலப் படும், ஆராய்ந்து பார்த்தால் உண்மையாக நிற்கும்.

சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. 'பாரா' என்றால் அப்பால், மாறாக. 'டோக்ஸா' என்றால் கருத்து, எண்ணம், பொதுவாக எல்லாரும் நினைத்துக்கொண்டிருப்பது. ஆக, ஊரார் எண்ணத்துக்கு மாறானது என்பதே முதற்பொருள். கி.மு. 46இல் ரோமானிய அறிஞர் சிசரோ, ஸ்டோயிக் தத்துவவாதிகளின் 'பாரடாக்ஸ்'களைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அறிவுடையவன் ஒருவனே செல்வன் என்பது அவற்றில் ஒன்று. இதில் தருக்கப் பிழை எதுவும் இல்லை. பணம்தான் செல்வம் என்ற ஊர் எண்ணத்தோடு மட்டுமே அது மோதுகிறது.

கிரேக்க மொழியில் உள்ள புதிய ஏற்பாட்டில் இச்சொல் ஒரே ஒரு இடத்தில் வருகிறது: லூக்கா 5:26. கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட திமிர்வாதக்காரன் எழுந்து, தன் படுக்கையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறான். பார்த்தவர்கள், 'இன்று பாரடோக்ஸாவைக் கண்டோம்' என்கிறார்கள். தமிழ்ச் சபைகளில் இன்றும் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பு அதை 'அதிசயமான காரியங்கள்' என்று சொல்கிறது. நல்ல மொழிபெயர்ப்பு. அங்கே 'முரண்பாடான காரியங்கள்' என்று போட்டுப் பாருங்கள், அந்த வீட்டில் நடந்ததே காணாமல் போய்விடும்.

இந்த 'டோக்ஸா'வுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 'தோன்று', 'எனப் படு' என்னும் பொருள்கொண்ட 'டொகேயின்' என்ற வினையிலிருந்து பிறந்தது அது. ஒருவரைப் பற்றி மற்றவர்கள் கொண்ட எண்ணம் என்ற பொருளிலிருந்து அவருடைய புகழ் என்ற பொருளுக்கு நகர்ந்தது. வேதாகமக் கிரேக்கத்தில் கடவுளின் 'மகிமை'யைக் குறிக்கும் சொல்லும் இதுவே.

அறிவியலுக்கு வருவோம். ஜெர்மனியின் பிரேமென் நகரில் மருத்துவராகவும் வானியலாளராகவும் இருந்த ஒல்பர்ஸ், 1823இல் குழந்தை கேட்பதுபோன்ற ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார்: இரவு ஏன் இருட்டாக இருக்கிறது? பிரபஞ்சம் எல்லையற்றது, எப்போதும் இருப்பது, எங்கும் விண்மீன்கள் நிறைந்தது என்றே அப்போது பலர் எண்ணினார்கள். அது சரியென்றால், அடர்ந்த தோப்புக்குள் நின்று எந்தப் பக்கம் பார்த்தாலும் ஏதோ ஒரு மரம் கண்ணில் படுவதுபோல, வானில் எந்தத் திசையில் பார்த்தாலும் ஒரு விண்மீன் இருக்க வேண்டும். ராத்திரி வானம் முழுவதும் சூரியனின் முகம்போல எரிய வேண்டும். ஆனால் இருட்டாகத்தான் இருக்கிறது.

இருட்டு பொய்யில்லை, கணக்கும் தப்பில்லை. 'எப்போதும் இருப்பது' என்ற எண்ணம்தான் தவறு. பிரபஞ்சத்தின் வயது சுமார் 1380 கோடி ஆண்டுகள். தொலைவிலுள்ளவற்றின் ஒளி நம்மிடம் வந்து சேர இன்னும் காலம் போதவில்லை. போதாததற்கு, பிரபஞ்சம் விரிந்துகொண்டே போவதால் வந்து சேரும் ஒளியும் மங்கிவிடுகிறது. விரிவடைதலை 1927இல் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளிலிருந்து வருவித்துக் காட்டியவர்களில் ஒருவர் ஜார்ஜ் லெமேத்ர், பெல்ஜியத்தைச் சேர்ந்த கத்தோலிக்கக் குரு. கணக்கு சரி, ஆனால் இயற்பியல் சகிக்கவில்லை என்ற பொருளில் ஐன்ஸ்டைன் அவரிடமே சொல்லிவிட்டார். 'டோக்ஸா' எவ்வளவு கெட்டியானது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம், ஐன்ஸ்டைனையே பிடித்து வைத்திருந்தது.

அதே 1927இல் இன்னொன்றும் நடந்தது. எலக்ட்ரான் ஒரு துகள் என்று 1897இல் கேம்பிரிட்ஜில் கண்டுகாட்டியவர் ஜே.ஜே. தாம்சன். வாயுக்களில் மின்சாரம் பாய்வது பற்றிய ஆய்வுக்காக அவருக்கு 1906இல் நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய மகன் ஜி.பி. தாம்சன், ஸ்காட்லாந்தின் அபர்டீனில் மெல்லிய படலங்களின் ஊடாக எலக்ட்ரான் கற்றையைச் செலுத்தினார். அலைகள் மட்டுமே உண்டாக்கக்கூடிய வளையங்கள் ஒளிப்படத் தட்டில் பதிந்தன. அமெரிக்காவில் டேவிசனும் ஜெர்மரும் நிக்கல் படிகத்தை வைத்து அதே முடிவுக்கு வந்திருந்தார்கள். டேவிசனுக்கும் மகன் தாம்சனுக்கும் 1937இல் நோபல் பரிசு. அப்பா துகள் என்றார், பிள்ளை அலை என்றார், இருவர் சொன்னதும் நின்றது. பிள்ளை பரிசு வாங்கியபோது அப்பா உயிரோடுதான் இருந்தார். துகளென்றால் அலையாக இருக்க முடியாது என்பது நம் அன்றாடப் பழக்கம் தந்த எண்ணம். இயற்கை அதற்குக் கட்டுப்படவில்லை.

கிறிஸ்தவ விசுவாசத்தில் இச்சொல் வேர்விட்டிருப்பது இன்னும் ஆழத்தில். இயேசு மெய்யான கடவுள், மெய்யான மனிதர், ஆள் ஒருவரே. 451இல் கால்சிடோனில், இன்றைய இஸ்தான்புல்லின் ஒரு பகுதியில், கூடிய திருச்சபைச் சங்கம் இதற்கு விளக்கம் தரவில்லை, வேலி போட்டது. இரண்டு இயல்புகளும் கலவாமல், மாறாமல், பிளவுபடாமல், பிரியாமல் இருக்கின்றன என்று நான்கு எதிர்மறைச் சொற்களை நட்டுவைத்தது. (காப்டிக், ஆர்மேனிய, சிரியச் சபைகள் இந்த வாய்பாட்டை ஏற்கவில்லை. ஆனால் கிறிஸ்து கடவுளும் மனிதரும் என்பதில் அவர்களுக்கும் ஐயமில்லை.) ஒரு பக்கத்தை விட்டுவிட்டால் சிக்கல் உடனே தீர்ந்துவிடும். அப்படி முயன்றவர்கள் அதற்கு முன்பே இருந்தார்கள். கிறிஸ்துவின் உடல் வெறும் தோற்றம் என்ற கொள்கைக்கு 'டொசெடிசம்' என்று பெயர். மேலே சொன்ன அதே 'டொகேயின்' வேர். அந்த வழியில் பேசிய மார்சியனை மறுத்துத்தான் கார்த்தேஜின் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன், கடவுளின் மகன் இறந்தார் என்பது பொருத்தமற்றதாகத் தோன்றுவதாலேயே நம்பத்தக்கது என்று எழுதினார். 'அபத்தமாக இருப்பதால் நம்புகிறேன்' என்று அவர் பெயரில் உலவும் வாசகம் அவருடையதல்ல.

சிலுவையும் இப்படித்தான். கடவுளின் வல்லமை என்றால் படை, அரியணை, வெற்றி என்பது ஊர் எண்ணம். 'நான் பலவீனமாயிருக்கும்போதே பலமுள்ளவனாயிருக்கிறேன்' என்று பவுல் எழுதும்போது மோதுவது அந்த எண்ணத்தோடு.

அறிவியலின் பாரடாக்ஸும் விசுவாசத்தின் பாரடாக்ஸும் ஒன்றே என்று நான் சொல்லவரவில்லை. எலக்ட்ரானுக்குச் சோதனைத் தட்டு இருக்கிறது, கடவுள் மனிதரானார் என்னும் அவதாரத்துக்கு அப்படி ஒன்று கிடையாது. லெமேத்ர் இதில் கறாராக இருந்தார். 1951இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், பிரபஞ்சத் தொடக்கம் பற்றிய அறிவியலைப் படைப்புக் கோட்பாட்டோடு சேர்த்துப் பேசியபோது அவர் மகிழவில்லை. தன் கொள்கை மதக் கேள்விகளுக்கு வெளியே நிற்பது என்றே கடைசிவரை சொன்னார். ஒரு சிக்கலைச் சீக்கிரமாக அவிழ்த்துக் கையைத் துடைத்துக்கொள்ளாத பொறுமையைத்தான் இரண்டு துறைகளுக்கும் பொதுவானதாக நான் பார்க்கிறேன்.

சரி, தமிழுக்கு வருவோம். 'முரண்' பழைய சொல். 'மொழியினும் பொருளினும் முரணுதல் முரணே' என்று தொல்காப்பியமே முரண் தொடைக்கு இலக்கணம் சொல்கிறது. ஆனால் அது எதிர்ச்சொற்களை அடுத்தடுத்து வைக்கும் அழகு, அவ்வளவுதான். தண்டியலங்காரத்தின் விரோத அணியும் ஏறக்குறைய அந்தப் பக்கம்தான். நமக்கு வேண்டியதற்கு மிக அருகில் வருவது வடமொழியில் விரோதாபாசம் எனப்படும் அணி. 'ஆபாசம்' என்பதற்கு அங்கே போலித் தோற்றம் என்று பொருள். தமிழ் அணியிலக்கணம் அதற்கு வைத்த பெயர் முரண்விளைந்தழிவணி. முரண் விளைந்து, பொருள் புரிந்ததும் அழிவது. பாரடாக்ஸுக்கு இதைவிடத் துல்லியமான வரையறை எனக்குத் தெரியாது. பேச்சில் புழங்க நீளம், அது ஒன்றே குறை.

இன்று புழங்குபவற்றில் முரண்நகை என்பது ஐரனி, அதாவது சொல்வது ஒன்று, உணர்த்துவது வேறு. முரண்தொடர் என்பது ஆக்சிமோரன், அதாவது எதிர்ச்சொற்களை ஒட்டவைத்த தொடர். இவற்றை இங்கே இழுக்கக் கூடாது. ஒல்பர்ஸுடையதுபோல விடை கிடைத்தவற்றுக்கும் கிடைக்கக்கூடியவற்றுக்கும் 'முரண்புதிர்' பொருந்தும். அவதாரத்தைப் புதிர் என்றால் விடை கண்டதும் மூடிவைத்துவிடலாம் என்றாகிவிடும், அங்கே 'முரண்மெய்' என்பதே என் தேர்வு. பொதுச்சொல்லாக 'முரண்தோற்றம்' போதும். தோற்றமாக இருப்பது முரண் மட்டுமே என்பதை அது தெளிவாகச் சொல்லிவிடுகிறது.

பழைய தமிழ் வேதாகமத்தில் 2 கொரிந்தியர் 6:10ஐ எடுத்துப் பாருங்கள்: 'ஒன்றுமில்லாதவர்களென்னப்பட்டாலும் சகலத்தையுமுடையவர்களாகவும்'. கிரேக்கத்தில் 'போல' என்ற பொருளில் ஒரே ஒரு சின்னச் சொல்தான் இருக்கிறது. மொழிபெயர்த்தவர்கள் அதை 'என்னப்பட்டாலும்' என்று விரித்திருக்கிறார்கள். ஊர் அப்படிச் சொல்கிறது, இருப்பது வேறு. 'டோக்ஸா' முழுவதும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.