நேம்சேக்: பெயரனும் பெயரொத்தவரும்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வங்கியில் காத்திருந்தபோது காசாளர் “ராமசாமி” என்று அழைக்க, மூவர் ஒரே நேரத்தில் எழுந்தனர். “ஆர். ராமசாமிங்க” என்று அவர் திருத்தியதும் ஒருவர் மட்டுமே உட்கார்ந்தார். தந்தை பெயரைக் கேட்டார், இருவருக்கும் ரங்கசாமி. கடைசியில் “அம்மாபேட்டைக்காரர் யாருங்க?” என்று கேட்ட பிறகே பணம் உரியவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. மற்றவர் சிரித்துக்கொண்டே, “நம்ம நேம்சேக்குங்க” என்றார்.

அந்தச் சொல் ஆங்கிலத்தில் பதினேழாம் நூற்றாண்டில் தோன்றியது. ‘பெயரின் பொருட்டு’ என்னும் பொருள் தரும் தொடர் ஒன்றாய் இறுகி உருவானதாகச் சொல்வார்கள். இன்று அது இருவகை உறவுகளைக் குறிக்கிறது. ஒருவரை நினைத்து அவர் பெயரையே மற்றொருவருக்கு இடுவது ஒன்று. தொடர்பே இல்லாத இருவருக்குத் தற்செயலாக ஒரே பெயர் வாய்ப்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒரே சொல்லால் சுட்டுவது ஆங்கிலத்தின் வழக்கம். அதற்கு ஈடாகத் தமிழிலும் ஒற்றைச் சொல்லைத் தேடுவதில்தான் பிழை தொடங்குகிறது என்பது என் கருத்து.

முதல் வகைக்கு நம்மிடம் சொல் இருக்கிறது. நாள்தோறும் வழங்கியும் வருகிறோம். பெயர் ‘பேர்’ ஆனதுபோலப் பெயரன் ‘பேரன்’ ஆனான். பெயர்த்தி ‘பேர்த்தி’யாகிப் பின் ‘பேத்தி’ ஆனாள். பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பதே பெயரன் என்பதன் பொருள். சங்கப் பாடல்களிலேயே இச்சொல் வருகிறது. பாட்டன் பெயரை மூத்த பேரனுக்கு இடும் வழக்கம் எவ்வளவு வேரூன்றியிருந்தால், பெயர் தாங்குவதைக் குறித்த சொல் உறவுமுறைக்கே பெயராகியிருக்கும்! மாமனார் பெயரை வாயால் சொல்லத் தயங்கிய மருமகள்கள், அதே பெயர் கொண்ட மகனைப் ‘பெரியசாமி’ என்றோ ‘தம்பி’ என்றோ அழைத்துச் சமாளித்ததும் இவ்வழக்கத்தின் பக்கவிளைவே. இன்று ‘பேரன்’ என்றால் மகன் அல்லது மகளின் மகன் என்று மட்டுமே கொள்கிறோம். ஆகவே, பெயர் தாங்கியவன் என்னும் பழைய பொருளில் எழுதும்போது ‘பெயரன்’ என்ற முழு வடிவத்தையே ஆளலாம்.

இரண்டாம் வகைக்குப் ‘பெயரொத்தவர்’ என்பது பொருந்தும். வங்கியில் எழுந்த மூவரும் பெயரொத்தவர்களே. யாரும் யாருக்கும் பெயரன் அல்லர்.

பெயரொத்தவர்களைப் பிரித்தறியாவிட்டால் வரலாறே புரண்டுவிடும் என்பதற்குச் சேலம் தரும் சான்று இராமசாமி முதலியார். 1880இல் கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்தவரும், தம்மைக் காண வந்த உ.வே. சாமிநாதையர் படித்திருந்த அந்தாதி, கலம்பகப் பட்டியலில் நிறைவு கொள்ளாமல் சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவியவரும் சேலம் இராமசாமி முதலியார் ஆவார். அந்த வினாவின் தொடர்ச்சியாகவே 1887இல் சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது. இவரையும், நீதிக்கட்சித் தலைவரும் மைசூர்த் திவானும் 1946இல் ஐக்கிய நாடுகளின் பொருளாதார சமூக மன்றத்துக்கு முதல் தலைவருமான ஆற்காடு இராமசாமி முதலியாரையும் ஒருவராகவே எண்ணிக்கொண்டு மேடையில் பேசியவரை நான் கேட்டிருக்கிறேன். ஆற்காட்டார் பிறந்ததே 1887இல்தான். சிந்தாமணி அச்சேறிய ஆண்டில் அவர் தொட்டில் குழந்தை. போதாக்குறைக்கு, சென்னை சென்ட்ரல் நிலையத்துக்கு அருகே சத்திரம் கட்டிய சவளை இராமசாமி முதலியாரும் உண்டு. மூவருக்கும் பெயரும் பட்டமும் ஒன்றாக இருக்க, பெயருக்கு முன் நிற்கும் ஊரே ஆளைக் காட்டுகிறது.

இது புதிய ஏற்பாடன்று. ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன், தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் என்று இரு பாண்டியரைப் பழந்தமிழர் போர்ச்செயலால் பிரித்தனர். இவ்வாறு முன்னொட்டி நிற்பதை ‘அடைமொழி’ என்கிறோம். ‘இனிஷியல்’ என்பதற்குத் ‘தலைப்பெழுத்து’ என்ற நல்ல சொல் இருக்கிறது. ‘தலையெழுத்து’ என்று எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அது வேறு கணக்கு. ஆனால் அடைமொழி செய்யும் வேலையைத் தலைப்பெழுத்து முழுமையாகச் செய்வதில்லை. அச்சில் அது உதவும், பேச்சில் உதிர்ந்துபோகும்.

1917இல் சேலம் நகராட்சித் தலைவரானவர் சி. இராஜகோபாலாச்சாரி; சென்னைச் சட்டமன்றத்தின் முதல் தலைவராக விளங்கியவர் பி. இராஜகோபாலாச்சாரி. 1920இல் நாகபுரிக் காங்கிரசுக்குத் தலைமை தாங்கிய சேலத்துக்காரர் சி. விஜயராகவாச்சாரியார், ஆட்சிப் பணியில் உயர்ந்தவர் டி. விஜயராகவாச்சாரியார். தலைப்பெழுத்து உதிர்ந்தால் இவ்விரு இணைகளும் குழம்பும். முதலாமவருக்கு ‘ராஜாஜி’ என்ற சுருக்கப் பெயர் வாய்த்ததால் அவர் தப்பினார். சி. விஜயராகவாச்சாரியாரின் பெயருக்கு முன் ‘சேலம்’ என்று சேர்ப்பதே இன்றும் பாதுகாப்பு. மற்ற இருவரையும் ‘கொச்சித் திவான்’ என்று குறித்தால் சேலத்தாரிடமிருந்து பிரித்துவிடலாம். பி. இராஜகோபாலாச்சாரி, டி. விஜயராகவாச்சாரியார் இருவருமே வெவ்வேறு காலத்தில் கொச்சிக்குத் திவான்களாக இருந்தவர்கள்.